மத்தி கிழக்கே வந்த கதை

ஓசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? மீன் மார்க்கெட் தான். ஒரே கூடையில இருக்கற மீனை நம்மாளு மத்தின்னு கேப்பாரு, திருவனந்தபுரத்துக்காரர் சாளைம்பாரு, மங்களூர்க்காரர் பூத்தாயிம்பாரு. கம்பெனி வேலைக்கு நாலு மாநில ஜனமும் கூடற ஊராச்சே! இந்தப் பதிவு அந்த மத்தியைப் பத்தி.

நூறு வருஷம் முன்னாடி ஓசூரும் மலபாரும் ஒரே சென்னை மாகாணம். 1907ல ஃபிரெடரிக் நிக்கல்சன் முயற்சியில மாகாணத்துக்குன்னு ஒரு மீன்வள அலுவலகம் வந்தது. அப்போ மத்தியிலிருந்து எண்ணெய் காய்ச்சறதும், மிஞ்சின சக்கையை உரமா விக்கறதும் மலபார் கரையில பெரிய தொழில். சிக்கல் என்னன்னா, ஒரு வருஷம் மத்தி கொட்டும், அடுத்த வருஷம் ஆளையே காணோம். இதைப் புரிஞ்சுக்க 1920கள்ல ஜேம்ஸ் ஹார்னெல்லும் ராமசாமி நாயுடுவும் மத்தியோட வாழ்க்கை வரலாற்றையே ஆராய்ஞ்சு எழுதினாங்க.

1947ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமாச்சு. அதன் ஊழியர்கள் மீன் இறங்குதளங்கள்ல நின்னு, எந்தப் படகுல எந்த மீன் எவ்வளவுன்னு குறிச்சு வெச்சாங்க. ரொம்ப நாளா மத்தியின் கோட்டை கேரளாவும் தென் கர்நாடகமும் தான். 1990களுக்கு அப்புறம் தமிழ்நாட்டு கிழக்குக் கரையிலேயும் அது ஏராளமா சிக்க ஆரம்பிச்சது. இ. விவேகானந்தன் குழுவினர் இந்தப் பரவலை கடல் சூடாவதோட சேர்த்துப் பார்த்தாங்க.

அவங்களே சொன்ன இன்னொரு விஷயம் அயிலை (கானாங்கெளுத்தி) பத்தி. 1985-89ல பிடிபட்ட அயிலையில அடிமட்ட இழுவலையில சிக்கினது 2 சதவீதம் தான். 2003-07ல அது 15 சதவீதம். மேல்தண்ணி சூடானதால மீன் கீழே போயிடுச்சா? இல்ல, வலையும் எஞ்சினும் பெருசாயிடுச்சா?

இங்க தான் மேட்டரே இருக்கு. நம்ம சாஃப்ட்வேர் வேலையில லாக் ஃபைலை வெச்சு எரர் எத்தனை மணிக்கு வந்ததுன்னு சொல்லிடலாம். அந்த நேரத்துல என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு யூசர் கிட்ட தானே கேக்கணும்? கரையில எழுதற கணக்கும் அப்படித்தான். எவ்வளவு மீன் வந்ததுன்னு சொல்லும். எத்தனை பாகத்துல வலை விட்டாங்க, முன்னாடி எந்த மாசம் கிடைச்ச மீன் இப்போ எந்த மாசம் வருது, எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் போகும், இதெல்லாம் வலை விட்டவருக்குத் தான் தெரியும்.

அந்த அறிவு லேசுப்பட்டது இல்லை. குமரி, திருவனந்தபுரம் கரையில 'கணியம்'னு ஒண்ணு உண்டு. கரையில தெரியற மலை, கோபுரம் ரெண்டையும் ஒரே நேர்கோட்டுல வெச்சுப் பார்ப்பாங்க. அதே மாதிரி வேற பக்கமா இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டற இடத்துல, தண்ணிக்கு அடியில இருக்கற பாரைக் கரெக்டா பிடிச்சிடுவாங்க. ஜிபிஎஸ் வந்த பிறகு இது தேவைப்படறதில்லை. மீனவக் குடும்பத்துல பிறந்த ராபர்ட் பனிப்பிள்ளை, பெரியவங்க கிட்ட கேட்டு இந்த மாதிரி கடலறிவைப் பதிவு பண்ணியிருக்கார். அப்படி எழுதாத ஊர்கள்ல அது அந்தப் பெரியவரோடயே போயிடும்.

இதுக்கு என்ன அவசரம்னா, 2012ல கேரளாவில கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி. 2021ல வெறும் 3,300 டன் கிட்ட தான். 2023ல திரும்ப 1 லட்சம் டன்னைத் தாண்டிடுச்சு. இந்த ஏத்த இறக்கத்துல சூடு எவ்வளவு, குஞ்சு மீனையும் வாரினது எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்க டன் கணக்கு மட்டும் பத்தாது.

அதனால குளச்சல், தூத்துக்குடி, நாகை, கடலூர் பக்கத்து நண்பர்களே, உங்க ஊர் பெரியவர் கிட்ட உக்காந்து நாலே நாலு கேள்வி கேளுங்க. எந்த மீன், எந்த மாசம், எந்தக் காத்து, எத்தனை பாகம்? அவங்க சின்ன வயசுல எப்படி, இப்போ எப்படி? அவங்க சொல்ற பேரையே வெச்சு, மாத்தாம எழுதுங்க. படிக்க நான் ரெடி.