உங்கள் வன்தட்டு நலமா? இலவச மென்பொருளிலேயே பார்த்துவிடலாம்

பத்து காவான் ஒரு காலத்தில் நம்மவர்கள் உழைத்த தோட்ட மண். இன்று அங்குள்ள தொழிற்பேட்டையில் கணினிக்கான சேமிப்புக் கருவிகள் தயாராகின்றன. நம் உறவில் ஒருவராவது அங்கோ, பாயான் லெப்பாஸிலோ ஷிப்ட் வேலை பார்த்திருப்பார். ஆனால் நம் வீட்டு மேசையில் கிடக்கும் வன்தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாது.

அதற்குள் கல்யாண வீடியோ இருக்கும், தைப்பூச இரதப் படங்கள் இருக்கும், இடிக்கப்பட்ட லயத்து வீடுகளின் முன் தாத்தா பாட்டி நிற்கும் படம் இருக்கும். தோட்டமே போன பிறகு அந்தப் படத்தை மீண்டும் எடுக்க முடியாது. தட்டு பழுதானால் தரவு மீட்கும் கடைக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க நேரலாம். கொடுத்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பல தட்டுகள் பழுதாகும் முன் அறிகுறி காட்டுகின்றன. அதைப் படிக்கும் மென்பொருளுக்கு ஒரு சென்னும் செலவில்லை.

தட்டு தானே எழுதும் மருத்துவ அட்டை

ஏறக்குறைய எல்லா வன்தட்டுகளிலும் எஸ்எஸ்டிகளிலும் 'ஸ்மார்ட்' என்ற கண்காணிப்பு வசதி உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சூடானது, எத்தனை இடங்களைப் படிக்க முடியவில்லை என்பதையெல்லாம் தட்டு தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். இதன் வேர் 1990-களில் ஐபிஎம், காம்பேக் நிறுவனங்கள் செய்த முயற்சிகளில் இருக்கிறது. தட்டை வாங்கியவர்தான் பெரும்பாலும் அந்த அட்டையைத் திறந்து பார்ப்பதில்லை.

எதைக் கொண்டு பார்ப்பது?

விண்டோஸ் கணினிக்கு 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' எளிது. ஜப்பானிய நிரலாளர் ஒருவர் உருவாக்கியது. திறந்தவுடன் நிலையை நிறத்தில் காட்டும்: நீலம் நன்று, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். சாம்பல் என்றால் தகவலைப் படிக்க முடியவில்லை என்று பொருள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் 'ஸ்மார்ட்மோன்டூல்ஸ்' இருக்கிறது. இது கட்டளை தட்டிப் பயன்படுத்துவது. பொத்தான் அழுத்திப் பழகியவர்களுக்கு அதன் மேல் இயங்கும் 'ஜிஸ்மார்ட்கன்ட்ரோல்' ஏற்றது. தட்டைத் தன்னைத் தானே சோதிக்கவும் இதில் வைக்கலாம். குறுஞ்சோதனை சில நிமிடத்தில் முடியும். முழுச்சோதனை பல மணி நேரம் எடுக்கும்.

பதிவிறக்கும்போது மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். பக்கத்தில் பளிச்சென்று மின்னும் 'டவுன்லோட்' பொத்தான் விளம்பரமாக இருக்கலாம். யுஎஸ்பி வழி இணைக்கும் சில தட்டுகளின் உறை, இந்தத் தகவலை வெளியே விடாது. அப்போது விவரம் வராவிட்டால் தட்டு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

பட்டியலில் இருபது வரிக்கு மேல் இருக்கலாம். மிரள வேண்டாம். சுழலும் வன்தட்டு என்றால் மூன்று வரி முக்கியம்.

05: படிக்கவோ எழுதவோ முடியாமல் போன இடங்களை ஒதுக்கி, மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை.

சி5: சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்.

சி6: சோதனையில் சரிசெய்ய முடியாமல் போன இடங்கள்.

மூன்றின் மூல மதிப்பும் சுழியமாக இருப்பது நல்லது. 05-இல் சிறு எண் தோன்றி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் உடனே பதற வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் தட்டு விடைபெறத் தயாராகிறது. சி7 மட்டும் ஏறினால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். தட்டு நன்றாகவே இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல மதிப்பைப் பதினறும எண்ணில் காட்டும். அமைப்பில் அதைப் பதின்ம எண்ணாக மாற்றிக்கொண்டால் படிப்பது சுலபம்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. புதிய என்விஎம்இ வகையில் பார்க்க வேண்டியவை, எத்தனை விழுக்காடு தேய்ந்தது என்பதும் மிச்சமுள்ள மாற்று இடமும்தான். எழுத எழுத இது தேயும். நன்கு தேய்ந்த எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் நெடுநாள் அலமாரியில் பூட்டி வைப்பதும் ஆபத்து. அதில் உள்ள தரவு மெல்லக் கரையக்கூடும்.

பழையதைப் புதியது என்று விற்றால்?

2025-ஆம் ஆண்டு, பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் வன்தட்டுகள் புதியவை என்று பல நாடுகளில் விற்கப்பட்டது அம்பலமானது. ஸ்மார்ட் பதிவில் இருந்த மணிக்கணக்கையே மோசடிக்காரர்கள் அழித்திருந்தார்கள். அதே ஆண்டு கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் நடந்த சோதனையில் சுமார் 700 போலித் தட்டுகள் சிக்கின. அவை இணையச் சந்தைகள் வழி விற்கப்பட்டு வந்தவை.

இதையும் இலவச மென்பொருளால் பிடிக்கலாம். சீகேட் தட்டுகளில் 'ஃபார்ம்' என்ற தனிப் பதிவு ஒன்றும் உண்டு. ஸ்மார்ட்மோன்டூல்ஸின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்க முடியும். ஸ்மார்ட் பதிவில் சில மணி நேரமும், ஃபார்ம் பதிவில் இருபதாயிரம் மணி நேரமும் காட்டினால் கதை புரிந்துவிடும். ஓர் ஆண்டு இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி நேரம் என்பதை நினைவில் வையுங்கள். பழைய மடிக்கணினி வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும்.

மலிவு விலைப் பென்டிரைவில் வேறொரு ஏமாற்று உண்டு. வெளியே 1 டெராபைட் என்று எழுதியிருக்கும். உள்ளே 32 கிகாபைட்தான் இருக்கும். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3' ஆகியவை முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். காலியான பென்டிரைவில் மட்டுமே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நீலம் காட்டினால் கவலை இல்லையா?

கவலை உண்டு. கூகல் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்பை வருடும் சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு, அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதான தட்டுகளில் 36 விழுக்காட்டுக்கு மேல், வெப்பநிலை தவிர எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயிருந்தன.

ஆகவே மஞ்சள் வந்தால் நம்புங்கள்; நீலம் வந்தால் முழுதாக நம்பாதீர்கள்.

மஞ்சள் வந்தால் செய்ய வேண்டியவை

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறு தட்டுக்கு நகலெடுப்பது. சோதனை, பழுதுபார்ப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். நோய்ப்பட்ட தட்டில் நீண்ட சோதனையை ஓடவிட்டால், மிச்சமிருக்கும் உயிரையும் அது வாங்கிவிடலாம். நகலெடுக்கத் தடுமாறினால், லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் 'ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ' பயன்படுத்தச் சொல்லுங்கள். எளிதில் படிக்க முடிந்த பகுதியை முதலில் காப்பாற்றி, சிக்கலான பகுதிக்குப் பிறகு வரும் கருவி அது. தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை கேட்டால் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அது மென்பொருளால் தீரும் நோய் அல்ல.

மாதம் ஒருமுறை மூன்று எண்களையும் பார்த்து, தேதியோடு தாளில் குறித்து வையுங்கள். முக்கியமான படங்களுக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஜார்ஜ்டவுனில் இருப்பவர் ஒரு நகலைப் பட்டர்வொர்த்தில் உள்ள அண்ணன் வீட்டில் கொடுத்து வைத்தால், வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் தாத்தாவின் படம் தப்பிக்கும்.