நல்லது செய்தால்தான் கடவுள் மன்னிப்பாரா? 500 ஆண்டு சண்டை இப்போது எங்கே நிற்கிறது?

ஹைதராபாத்தின் திருமுல்கேரியில் ஆல் செயின்ட்ஸ் சர்ச் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1860-ல் கட்டியது, இன்று சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையின் கையில். சில கிலோமீட்டர் தள்ளி, செகந்திராபாத்தில் செயின்ட் மேரிஸ் பசிலிக்கா, கத்தோலிக்க ஆலயம். இரண்டிலும் ஒரே இயேசு, ஒரே சிலுவை. அப்புறம் ஏன் தனித்தனி சபை?

கேட்டால் மாதா, போப் என்று பதில் வரும். ஆனால் ஜெர்மனியில் பிரிவினை வெடித்தபோது நடுவில் இருந்த கேள்வி இது: பாவம் செய்த மனுஷனைக் கடவுள் எதை வைத்து ஏற்றுக்கொள்கிறார்?

எவ்வளவு செய்தால் போதும்?

மார்ட்டின் லூத்தர் ஒரு துறவி, விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நோன்பு, ஜெபம், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என எல்லாம் செய்தார். நிம்மதி வரவில்லை. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமோ என்ற சந்தேகம் தீரவே இல்லை. அப்ரைசல் மாதத்தில் நமக்கு வருகிற அதே பயம்தான், ஆனால் அவருக்கு ரேட்டிங் போடுவது கடவுள்.

அந்தச் சமயத்தில் பணத்துக்குப் ‘பேறுபலன்’ விற்றார்கள். இங்கே பலரும் தவறாகச் சொல்வது உண்டு. திருச்சபையின் போதனைப்படி பேறுபலன் என்பது பாவமன்னிப்பு அல்ல, மன்னித்த பிறகும் பாக்கி இருக்கிற தண்டனையில் கிடைக்கும் தள்ளுபடி. வாங்குகிற ஏழைக்கு அந்த வித்தியாசம் யார் சொல்லப் போகிறார்கள்? 1517-ல் லூத்தர் இதை எதிர்த்து எழுதினார்.

பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அவருக்கு விடை கிடைத்தது. மன்னிப்பு கூலி அல்ல, கொடை. அதை வாங்கிக்கொள்ளும் கைதான் விசுவாசம். ‘கடவுள் இருக்கிறார்’ என்று ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. அவர் சொன்னதை நம்பி முழு பாரத்தையும் அவர்மேல் போடுவது. 1522-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ரோமர் 3:28-ல் ‘மட்டும்’ என்ற சொல்லையும் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அது கிடையாது. மொழிபெயர்ப்பில் சேர்ந்த ஒரு சொல்லுக்காக இத்தனை சண்டை நடந்தது அபூர்வம்!

1547-ல் திரெந்து பொதுச்சங்கம் பதில் சொன்னது. கடவுளின் அருள்தான் முதலில் வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மனிதன் அந்த அருளோடு ஒத்துழைக்க வேண்டும். விசுவாசம் மட்டும் போதாது.

தமிழர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. வைணவத்தில் தென்கலையாருக்குப் பூனைக்குட்டி உவமை: தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலையாருக்குக் குரங்குக்குட்டி: தாயைக் குட்டி பற்றிக்கொள்ள வேண்டும். அப்படியே பொருந்தாது என்றாலும், கேள்வி எங்கே இருக்கிறது என்பது புரியும்.

அப்போ என்ன வேணா செய்யலாமா?

லூத்தரிடம் உடனே கேட்டதும் இதைத்தான். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு கடிதமும் அதே பைபிளில்தான் இருக்கிறது. லூத்தருக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. அவர் விளக்கம்: நற்செயல் காரணம் அல்ல, விளைவு. வீட்டில் பாத்திரம் கழுவுகிற பிள்ளை, பிள்ளையாக இருப்பதற்காகக் கழுவுவதில்லை. ஏற்கெனவே பிள்ளை, அதனால் கழுவுகிறது.

தமிழ் பைபிள்களிலும் சொல் மாறுகிறது. புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு ‘நீதிமானாக்கப்படுதல்’ என்கிறது. 1995-ல் இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு ‘ஏற்புடையவர் ஆதல்’ என்கிறது. முதலாவதில் கோர்ட் தீர்ப்பின் வாசனை உண்டு. இன்றைய காதுக்கு இரண்டாவதுதான் சட்டென்று புரிகிறது.

சண்டை முடிந்ததா?

பெருமளவு. 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியால் அல்ல, அருளால், கிறிஸ்துவை விசுவசிப்பதால்; அந்த அருள்தான் நற்செயலுக்கும் நம்மைத் தூண்டுகிறது என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்லின. 16-ம் நூற்றாண்டுக் கண்டனங்கள் இந்தப் பிரகடனத்தில் உள்ள போதனைக்குப் பொருந்தாது என்றும் ஒப்புக்கொண்டன.

திருமுல்கேரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சி.எஸ்.ஐ. லூத்தரன் சபை அல்லவே. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947 செப்டம்பர் 27 அன்று இணைந்து உருவான சபை அது. அந்த மரபுகளின் உலக அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பிரகடனத்தின் பக்கம் வந்தன: மெதடிஸ்ட் 2006, ஆங்கிலிக்கன் 2016, சீர்திருத்த சபைகள் 2017. மூன்றிலும் சி.எஸ்.ஐ. உறுப்பினர். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24 அன்று லண்டனில் மனம் திரும்பியது, ரோமர் கடிதத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான்.

மிச்சம் இருப்பவையும் சின்ன விஷயங்கள் அல்ல. கத்தோலிக்கரில் கனமான பாவத்துக்குக் குருவிடம் அறிக்கையிடுவது தொடர்கிறது. உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனையும் இருக்கிறது. விற்பனை எப்போதோ ஒழிந்தாலும், 2025 யூபிலி ஆண்டில்கூடப் பேறுபலன் அறிவிக்கப்பட்டது. சி.எஸ்.ஐ. மணமகள் கத்தோலிக்கக் கணவரோடு செயின்ட் மேரிஸ் திருப்பலிக்குப் போகலாம், பாட்டில் சேரலாம், ஜெபத்தில் சேரலாம். நற்கருணை வாங்க வரிசை நகரும்போது, பொது விதிப்படி அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.