பேச்சு வானொலியும் பேசக்கூடாத பேச்சும்: ஐதராபாத்தை முன்வைத்து

அமெரிக்காவின் 'ஏர் அமெரிக்கா' வானொலியைப் பற்றிப் படித்துவிட்டு வந்த முதுகலை மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "இந்தியாவில் ஒரு தாராளவாத அரசியல் பேச்சு வானொலியை ஏன் இதுவரை எவரும் தொடங்கவில்லை?" முதலீடு கிடைக்காது, விளம்பரம் வராது என்று விடை சொல்லத் தோன்றும். உண்மையான விடை அதைவிட எளியது. அரசு வானொலிக்கு வெளியே, தரைவழி வானொலியில் அரசியல் பேச இங்கு எவருக்கும் உரிமம் இல்லை. வலதுசாரிக்கும் இல்லை, இடதுசாரிக்கும் இல்லை, தாராளவாதிக்கும் இல்லை. நாளிதழ் நடத்தலாம், நாள் முழுவதும் ஓடும் செய்தித் தொலைக்காட்சி நடத்தலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் குறைந்த செலவில் சென்றடையும் ஊடகத்தில் மட்டும் இந்தத் தடை.

இத்தடையின் வரலாற்றை டெல்லியிலிருந்து எழுதுவதே வழக்கம். ஐதராபாத்தில் ஆய்வு செய்துகொண்டிருப்பதால் அதை இங்கிருந்து பார்க்க விரும்புகிறேன். அதற்கு ஊர்ப்பற்றைத் தாண்டிய காரணமும் உண்டு. இந்தத் தடையோடு மிக நீண்ட காலம், மிகக் கூர்மையாக வாதாடியவர்கள் இந்நகரத்துக்கு மேற்கே, மும்பை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜஹீராபாத் வட்டாரத்தின் தலித் பெண்கள்.

நிஜாம் ஆட்சியின் 'தக்காண வானொலி'யிலிருந்து தொடங்கலாம். தனியார் ஒருவர் நகரில் நடத்திவந்த சிறு நிலையத்தை நிஜாம் அரசு 1935இல் எடுத்துக்கொண்டது. குடிமக்களில் பெரும்பாலோர் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய நாட்டில் அதன் முதன்மை மொழி உருதுவாக இருந்தது. 1948 செப்டம்பர் 17 அன்று, இந்தியப் படை நகரை நெருங்கிவிட்ட நிலையில், நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அதே வானொலியில் தம் மக்களிடம் பேசினார். அவர் வானொலி நிலையத்துக்குள் காலடி வைத்தது அன்றுதான் என்றும், அரச மரபுக்குரிய வரவேற்பு எதுவும் அங்கு நடக்கவில்லை என்றும் அப்போது இந்திய அரசின் முகவராக இங்கிருந்த கே.எம். முன்ஷி தம் நினைவு நூலில் பதிவுசெய்திருக்கிறார். 1950இல் தக்காண வானொலி அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. உரிமையாளர் மாறினார், வானொலி அரசின் குரல் என்ற இலக்கணம் மாறவில்லை.

அந்த இலக்கணத்தின் சட்ட வேர் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். தந்தியை நிறுவவும் நடத்தவும் தனியுரிமையை அது அரசுக்கே அளித்தது; பின்னால் வந்த வானொலி அந்தத் தந்தி என்ற சொல்லுக்குள் அடக்கப்பட்டது. ஒரு சொல்லின் பொருள்விரிவு ஒரு நாட்டின் கருத்துரிமையை இத்தனை ஆண்டுகள் கட்டிப்போட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு மொழியியல் வகுப்பில் கிடைக்காது. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவாக நடத்திய காங்கிரஸ் வானொலி சில மாதங்களிலேயே பிடிபட்டது. விடுதலைக்குப் பின் அதே காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது, தனியுரிமையைக் கைவிடவில்லை. அரசியல் கட்சிகளுக்கு அரசு வானொலியில் தேர்தல் பேச்சுக்கு நேரம் ஒதுக்கும் ஏற்பாடே 1977 பொதுத் தேர்தலில்தான் வந்தது. சந்தா குழு, வர்கீஸ் குழு என்று தன்னாட்சி பற்றிய அறிக்கைகள் வந்தபடி இருந்தன; அவற்றை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

திருப்பம் ஒரு கிரிக்கெட் போட்டியால் வந்தது. 1993இல் நடந்த ஹீரோ கோப்பை ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்ற வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.பி. சாவந்த், நீதிபதி எஸ். மோகன் அவருடன் இசைந்தார். ஐதராபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற பி.பி. ஜீவன் ரெட்டி தனித் தீர்ப்பு எழுதினார். அரசின் ஏகபோகத்தைக் கண்டித்த அவர், அலைவரிசைகளைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டுவிடுவது கருத்துரிமைக்கு அதைவிடப் பெருங்கேடாக முடியலாம் என்றும் எச்சரித்தார். இத்தீர்ப்பைப் பற்றிய பேச்சுகளில் முதல் பாதி அடிக்கடி மேற்கோளாகிறது. இரண்டாம் பாதியை ஏனோ நாம் மறந்துவிடுகிறோம்.

தீர்ப்புக்குப் பிறகு அரசு செய்தது ஏலம். 1999 முதல் பண்பலை அலைவரிசைகள் நகரம் நகரமாக விலைபோயின. தமிழில் 'தாராளமயம்' என்றும் 'தாராளவாதம்' என்றும் இரு சொற்கள் வைத்திருக்கிறோம்; முதலாவது சந்தையைக் குறிக்கிறது, இரண்டாவது குடிமை உரிமையை. இந்திய வானொலிக்கு முதலாவது வந்தது, இரண்டாவது வரவில்லை. பல கோடி கொடுத்து அலைவரிசையை வாங்கிய நிறுவனமும் அதில் செய்தி வாசிக்க முடியாது. நிறுவனங்கள் இதைப் பெரிதாக எதிர்த்ததாகவும் சொல்ல முடியாது. திரைப்பாட்டும் நகைச்சுவையும் விற்றன. அது போதுமானதாக இருந்தது.

ஜஹீராபாத்துக்கு வருகிறேன். 1983 முதல் அங்கு இயங்கிவரும் தக்காண வளர்ச்சிச் சங்கம், ஏறத்தாழ 75 ஊர்களில் பெண்களின் 'சங்கங்களை' அமைத்தது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் பெண்கள். மானாவாரிச் சிறுநில உழவர்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் யுனெஸ்கோ உதவியுடன் மாச்னூர் என்ற சிற்றூரில் ஒரு வானொலி நிலையம் கட்டப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது; பெண்கள் பயிற்சி பெற்றார்கள். இல்லாதது உரிமம் ஒன்றுதான். எனவே நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, ஊர் ஊராகக் கொண்டுசென்று, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தார்கள். வானில் செல்ல வேண்டிய குரல் பையில் சென்றது. இப்படி ஏறத்தாழ பத்து ஆண்டுகள்.

அகில இந்திய வானொலி இருக்கத் தனி வானொலி எதற்கு என்ற கேள்விக்கு அப்பெண்களிடம் விடை இருந்தது. தங்கள் பயிரும் உணவும் பாட்டும் அந்த வானொலியில் இல்லை, தங்கள் மொழியும் இல்லை என்றார்கள். மொழி குறித்த அந்த வாதத்தை நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஆந்திரப் பிரதேசம் அமைந்தபின் வானொலியிலும் பாடநூலிலும் தரத் தெலுங்காக நின்றது கடற்கரை மாவட்டங்களின் வழக்கு. தெலங்கானாப் பேச்சு திரைப்படத்தில் நகைச்சுவைப் பாத்திரத்துக்கோ வில்லனுக்கோ ஒதுக்கப்பட்டது. கன்னடமும் மராத்தியும் உருதுவும் கலந்து புழங்கும் ஜஹீராபாத் எல்லைப்புற வழக்கு அதற்கும் கீழே. அந்த வழக்கில் ஒரு தலித் பெண் விதைப்பைப் பற்றி ஒலிவாங்கியில் பேசுவது, அவர் என்ன பேசுகிறார் என்பதற்கு முன்னரே, யார் பேசத் தக்கவர் என்ற கேள்வியை எழுப்பிவிடுகிறது.

2000 ஜூலையில் ஐதராபாத்தில் நடந்த யுனெஸ்கோ பயிலரங்கில் கூடியவர்கள் மாச்னூர் அனுபவத்தை நேரில் பார்த்தார்கள். அதன் முடிவில் வெளியான அறிக்கை, தக்காண வளர்ச்சிச் சங்கம் இயங்கும் சிற்றூரின் பெயராலேயே 'பஸ்தாபூர் முன்முயற்சி' என்று அறியப்படுகிறது. 1996ஆம் ஆண்டு பெங்களூர் அறிக்கையின் தொடர்ச்சியாக, அரசும் சந்தையும் அல்லாத மூன்றாவது வகை ஒலிபரப்புக்கு அது இடம் கோரியது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் வினோத் பாவராலாவும் காஞ்சன் மாலிக்கும் பின்னர் எழுதிய நூல் இவ்வியக்கத்தைக் கற்க இன்றும் முதல் வாயில்.

அரசு முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி முதலாவதாக ஒலித்தது. மாச்னூர் அப்போதும் காத்திருந்தது. காத்திருந்த காலத்தில் சங்கத்துப் பெண்கள் ஒளிப்படக் கருவியை எடுத்து, பி.ட்டி. பருத்தியால் வாரங்கல் உழவர்கள் அடைந்த இழப்பைப் படமாக்கினார்கள். படம் எடுக்க அலைவரிசை உரிமம் தேவையில்லை அல்லவா? 2006 இறுதியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகள்தாம் குடிமைச் சமூக அமைப்புகளையும் ஏற்றன. 2008 அக்டோபர் 15 அன்று, உலக ஊரகப் பெண்கள் நாளில், சங்கம் வானொலி 90.4 மெகாஹெர்ட்சில் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் பி.பி. சாவந்த். தாம் 1995இல் எழுதியதன் பொருளை அவர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு சிற்றூரில் கேட்டார். நிலையத்தை நடத்தியவர்கள் நரசம்மா என்ற ஒரே பெயருடைய இரு பெண்கள். குழப்பம் வராதிருக்க ஒருவர் 'ஜெனரல்' நரசம்மா, மற்றவர் அல்கோல் நரசம்மா.

ஆனால் 2006 நெறிகளில் ஒரு விதி இருந்தது: செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சிகளும் கூடாது.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் என்னை நிறுத்திவைப்பது இந்த விதிதான். 'செய்தி' எங்கே தொடங்குகிறது? மாச்னூர்ப் பெண்ணொருத்தி தன் நிலத்துச் சோளத்தைப் பற்றிப் பேசினால் அது வேளாண்மை. சோளம் ஏன் குறைந்தது என்று அவள் தொடர்ந்தால்? 1983இல் என்.டி. ராமராவ் அரசு கொண்டுவந்த கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தின் பின்விளைவாக மானாவாரி நிலத்துச் சிறுதானியங்கள் தட்டிலிருந்தும் வயலிலிருந்தும் பின்வாங்கின என்பது தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் நெடுநாள் வாதம். அதற்கு மாற்றாகச் சோளத்தையே கொள்முதல் செய்து பகிரும் விநியோக முறையை அப்பெண்கள் தொண்ணூறுகளில் நடத்திக் காட்டினார்கள். 'ரேஷன் கடையில் சோளம் ஏன் இல்லை' என்ற கேள்வி சமையல் குறிப்பா, வேளாண் ஆலோசனையா, அரசியலா? ஒரே மூச்சில் வரும் பேச்சு அது. விதியோ அந்த மூச்சின் நடுவில் கோடு கிழிக்கச் சொல்கிறது.

தனியார் பண்பலைக்கான 2011 கொள்கையில் அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு விழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு ஆகியவை செய்தி அல்ல என்று வகைப்படுத்தப்பட்டன. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்புகளும் அப்படியே. ஆனால் அவை உள்ளூர் நிர்வாகம் தந்தவையாக இருக்க வேண்டும். நாளை கூகட்பள்ளியில் குடிநீர் வராது என்று சொல்லலாம். ஏன் வராது என்று குடியிருப்பவர் ஒருவரைக் கேட்டு ஒலிபரப்பினால் அது நடப்பு நிகழ்வாகிவிடும். தகவல் மேலிருந்து கீழே வரலாம். கேள்வி கீழிருந்து மேலே போகக்கூடாது. தெலங்கானா மாநிலக் கோரிக்கை உச்சத்தில் இருந்த 2009க்கும் 2014க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். உஸ்மானியாப் பல்கலைக்கழக வளாகம் கொந்தளித்தது. தெலுங்குச் செய்தித் தொலைக்காட்சிகள் இரவு பகலாக அதையே விவாதித்தன. அதே நகரின் பண்பலை நிலையங்கள் அதைப் பற்றி வாய் திறக்கச் சட்டத்தில் இடமில்லை.

2013இல் 'காமன் காஸ்' அமைப்பு இத்தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. பாதுகாப்பையும் கண்காணிப்புச் சிக்கலையும் அரசு காரணமாகக் காட்டியது. 2019 ஜனவரியில், தனியார் பண்பலைகள் அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையைக் கட்டணமின்றி மறு ஒலிபரப்பலாம் என்றார்கள். ஒரு சொல்கூட மாற்றாமல் ஒலிபரப்ப வேண்டும். செய்தி அனுமதிக்கப்பட்டது, அதாவது அரசின் செய்தி.

இனி ஏர் அமெரிக்கா. அங்கு, ஒரு பொருளில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்கக் கோரிய 'நியாயக் கோட்பாடு' 1987இல் நீங்கியது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு தழுவி ஒலிக்கத் தொடங்கியது. வலதுசாரிப் பேச்சு வானொலி பெருந்தொழிலான பிறகு, 2004 மார்ச் 31 அன்று, அதற்கு எதிர்வினையாக வந்தது ஏர் அமெரிக்கா. பேச அதற்கு எந்தத் தடையும் இல்லை, இல்லாமற்போனது பணம். இரண்டு வாரத்துக்குள் கட்டணத் தகராறில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் நிலையங்களை இழந்தது, 2006இல் திவால் மனு கொடுத்தது, 2010 ஜனவரியில் அடங்கியது. ஜீவன் ரெட்டியின் எச்சரிக்கையை அந்த ஆறு ஆண்டுக் கதையோடு சேர்த்துப் படித்தால் என் மாணவரின் கேள்வி வேறு உருக்கொள்கிறது. தடை நாளையே நீங்கினால் ஐதராபாத்தில் முதலில் எழப்போவது தாராளவாத வானொலியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. தொலைக்காட்சியில் நாம் காணும் கூச்சலின் மலிவுப் பதிப்பே முதலில் வரும். பணமுள்ளவர் பெரிய கோபுரம் எழுப்புவார். அதற்காகத் தடை இருக்கட்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வலையொலி இருக்கிறதே என்பார்கள். ஆங்கிலம் அறிந்த, தரவுக் கட்டணம் செலுத்தக்கூடிய என் போன்றோருக்கு இருக்கிறது.

சங்கம் வானொலிக்கு வழிகாட்டியாக இருந்த பி.வி. சதீஷ் 2023 மார்ச்சில் மறைந்தார். சமுதாய வானொலிக்கு விதி பொதுவாக அனுமதிக்கும் உச்ச ஆற்றல் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர். அதிகம் போனால் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குக் கேட்கும். மாலை நேரத்தில், வயல் வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் வேளையில், அதில் விதையைப் பற்றியும் பண்டிகைப் பாட்டைப் பற்றியும் பேசுகிறார்கள்.