சைக்கிள் ஜெர்சி: எதைப் போடலாம், எதைத் தவிர்க்கலாம்? இணையத்தில் மலிவாக வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள உணவங்காடி நிலையம்.

தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வியர்வை வழியத் தேநீர் குடிக்கிறார்கள் சைக்கிளோட்டிகள். எல்லார் மேலும் பளிச்சென்ற வண்ணத்தில் இறுக்கமான சட்டை.

நீங்களும் அண்மையில்தான் சைக்கிள் வாங்கினீர்கள். டி-சட்டையோடு 30 கிலோமீட்டர் ஓட்டியதில் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கைத்தொலைபேசியில் தேடினால், "80 விழுக்காடு தள்ளுபடி! இன்று மட்டும்!" என்று ஒரு மஞ்சள் ஜெர்சி வந்து நிற்கிறது.

வாங்கலாமா? வாங்கினால் போடலாமா? "என்னப்பா, டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சிட்டியா?" என்று யாராவது கேலி செய்வார்களா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில்... ஜெர்சி எதற்கு?

அழகுக்காக மட்டும் இல்லை.

பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். கனமாகும், உடம்பில் ஒட்டும். ஜெர்சியில் பயன்படுத்தும் மெல்லிய செயற்கை இழை சீக்கிரம் காய்ந்துவிடும். நம்மூர் ஈரப்பதத்தில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

முதுகுப் பக்கம் பெரும்பாலும் 3 பைகள் இருக்கும். கைத்தொலைபேசி, சாவி, வாழைப்பழம் எல்லாம் அங்கே போகும். முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் தைத்திருப்பார்கள். குனிந்து ஓட்டும்போது இடுப்பு வெளியே தெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

நிறங்களுக்குப் பின்னால் ஒரு கதை

சைக்கிள் உலகில் சில சட்டைகளைக் கடையில் வாங்குவதற்கு முன்னால் பந்தயத்தில் "சம்பாதிக்க" வேண்டும் என்ற எண்ணம் உண்டு. அவை எவை?

மஞ்சள்: டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒட்டுமொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் அணிவது. பந்தயம் 1903ல் தொடங்கியது. மஞ்சள் சட்டை வந்தது 1919ல். பந்தயத்தை நடத்திய 'லோட்டோ' நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது. நிறம் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

இளஞ்சிவப்பு: இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில் முன்னணி வீரருக்கு. 1931லிருந்து உள்ளது. அதை நடத்திய 'கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' நாளிதழின் தாளும் இளஞ்சிவப்பு.

சிவப்புப் புள்ளிகள்: டூர் டி பிரான்ஸில் மலையேற்றத்தில் சிறந்தவருக்கு. 1975ல் அறிமுகமானது.

வானவில் பட்டைகள்: உலக வெற்றியாளருக்கு மட்டும். வெள்ளைச் சட்டையின் குறுக்கே நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று 5 பட்டைகள்.

இவற்றில் ஆக மதிப்புமிக்கது வானவில்தான். உலகப் போட்டியில் வென்றவர், தான் வென்ற பிரிவில் மட்டும், அடுத்த ஓராண்டுக்கு அதை அணியலாம். ஆண்டு முடிந்ததும் புதிய வெற்றியாளருக்கு அது போய்விடும். ஆனால் முன்னாள் வெற்றியாளர்கள் சட்டைக் கழுத்திலும் கை விளிம்பிலும் சிறிய வானவில் பட்டைகளை வைத்துக்கொள்ளலாம். அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கமான யுசிஐக்கு அந்தப் பட்டைகளின் உரிமை சொந்தம்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த உலகத் தடகளச் சைக்கிளோட்டப் போட்டியின் 'கெய்ரின்' பிரிவில் வென்று வானவில் சட்டையை அணிந்தார். பல ஆண்டு உழைப்பு அந்த 5 பட்டைகளுக்குள் இருக்கிறது.

முன்னணி வீரரே போட மறுத்த சட்டை

1971 டூர் டி பிரான்ஸ். ஸ்பெயினின் லூயிஸ் ஒக்கான்யா மஞ்சள் சட்டையுடன் பெரிய இடைவெளியில் முன்னணியில் இருந்தார். பிரனீஸ் மலையில் கொட்டும் மழையில் இறங்கும்போது விழுந்து காயமடைந்தார். பந்தயத்தைவிட்டு விலக வேண்டியதாயிற்று.

இரண்டாம் இடத்தில் இருந்த பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸுக்கு முன்னணி கிடைத்தது. விதிப்படி மறுநாள் மஞ்சள் சட்டை அவருடையது. ஆனால் அன்று அவர் அதை அணிய மறுத்துவிட்டார். போட்டியாளர் விழுந்ததால் வந்த சட்டையை உடனே மாட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

ஜெர்சி நாகரிகம் என்று மூத்த சைக்கிளோட்டிகள் சொல்வதன் வேர் இதுதான். சட்டை ஒரு கதை சொல்கிறது. அந்தக் கதை உங்களுடையதா என்பதே கேள்வி.

அப்போ நான் எதைப் போடலாம்?

சட்டப்படி தடை ஏதும் இல்லை. பூங்காவில் மஞ்சள் ஜெர்சி போட்டால் யாரும் அபராதம் விதிக்கப் போவதில்லை. டூர் டி பிரான்ஸ் ஏற்பாட்டாளர்களே ரசிகர்களுக்கு மஞ்சள் ஜெர்சி விற்கிறார்கள். பேச்சு எல்லாம் வழக்கத்தைப் பற்றியதுதான்.

வானவில் சட்டை: தவிர்ப்பது நல்லது. மலிவான ஜெர்சிகள் சிலவற்றில் "அழகுக்காக" கை விளிம்பில் 5 வண்ணப் பட்டை இருக்கும். அதன் பொருள் தெரிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள்.

தேசிய வெற்றியாளர் சட்டை: இதுவும் வென்றவருக்கு உரியது. நாட்டின் நிறத்தில் இருக்கும் சாதாரண ரசிகர் சட்டை வேறு. தேசிய தினத்துக்குச் சிவப்பு, வெள்ளை போட்டுக்கொண்டு ஓட்டுவதில் தவறே இல்லை.

மஞ்சள், இளஞ்சிவப்பு, புள்ளிச் சட்டை: பந்தயம் பார்க்கப் போகும்போது தாராளமாகப் போடலாம். குழுவோடு ஓட்டும்போது போட்டால் கொஞ்சம் கிண்டல் வரலாம். சிரித்துக்கொண்டே சமாளிக்கத் தெரிந்தால் சரி. பந்தயச் சின்னம் எதுவும் இல்லாத வெறும் மஞ்சள் சட்டை யாரையும் உறுத்தாது. வாகனமோட்டிகளின் கண்ணில் பளிச்சென்று படும் என்பதால் சாலையில் அது நல்லதும்கூட.

தொழில்முறை அணிச் சட்டை: காற்பந்து ரசிகர் காப்பிக்கடையில் மென்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தால், "நீங்க அந்த டீம்ல விளையாடுறீங்களா?" என்று யாராவது கேட்கிறார்களா? இங்கேயும் அப்படித்தான்.

நிகழ்ச்சிச் சட்டை: "100 கிலோமீட்டர் முடித்தவர்" என்று எழுதியிருந்தால், முடித்த பிறகு போடுங்கள். சந்தோஷம் இரட்டிப்பாகும்.

குழுச் சட்டை: ஒரு குழுவின் பெயர் போட்ட சட்டையை வாங்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அனுபவசாலிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் தெரியாமல் வானவில் சட்டை போட்டு வந்தால், எல்லார் முன்னாலும் கிண்டல் செய்யாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள். சட்டையால் அவமானப்பட்டவர் அடுத்த வாரம் வராமலே போகலாம். அது எந்த நாகரிகத்திலும் சேராது.

சொல்லத் தயங்கும் சில விவரங்கள்

உள்மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது. தையல் உரசித் தோல் புண்ணாகிவிடும்.

'பிப் ஷார்ட்ஸ்' எனப்படும் தோள்வார் வைத்த கால்சட்டை என்றால், வார் ஜெர்சிக்கு உள்ளே இருக்க வேண்டும்.

ஒருமுறை போட்டதை உடனே துவைத்துவிடுங்கள். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்தால் கிருமி வளரும்.

பழைய கால்சட்டையின் பின்பக்கத் துணி மெலிந்து ஊடுருவித் தெரியும். பின்னால் வரும் நண்பரிடம் கேளுங்கள். நல்ல நண்பர் உண்மையைச் சொல்வார்!

ஓட்டி முடித்துச் சாப்பிடப் போகிறீர்களா? ஜிப்பை மேலே இழுத்துவிடுங்கள். நாற்காலியில் வியர்வை படாமல் ஒரு துண்டு விரியுங்கள். இறுக்கமான உடையில் பொது இடத்தில் நிற்பது கூச்சமாக இருந்தால், மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய அரைக்கால்சட்டை போதும். முதுகுப் பையில் மடித்து வைத்துவிடலாம்.

சரி, மலிவாக வாங்குவது எப்படி?

உண்மையான தள்ளுபடிக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரிந்தால் நேரம் பார்த்து வாங்கலாம்.

ஐரோப்பாவில் செப்டம்பரிலிருந்து குளிர் தொடங்கும். அரைக்கை ஜெர்சிகளை அங்குள்ள கடைகள் தள்ளிவிடப் பார்க்கும். நமக்குத்தான் 12 மாதமும் கோடையாச்சே! செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல வேட்டைக் காலம். 11.11 விற்பனையும் அப்போதுதான் வரும்.

தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் சட்டை வடிவத்தை மாற்றும். ஆதரவு நிறுவனம் மாறினால் பழைய பெயர் போட்ட சட்டைகள் ஆண்டு இறுதியில் மலிந்துவிடும்.

ஒரு பொறியும் உண்டு. ஆக அதிகத் தள்ளுபடியில் கிடைப்பவை சில நேரம் குளிர்கால ஜெர்சிகள். உள்ளே பஞ்சுபோன்ற துணி இருக்கும். 70 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கி, மண்டாய் சாலையில் போட்டுப் பார்த்தால் தெரியும் சேதி!

அளவு... இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

வழக்கமாக 'எம்' போடுபவருக்கு இத்தாலிய நிறுவனத்தின் 'எம்' இறுக்கிப் பிடிக்கலாம். எழுத்தை நம்பாதீர்கள். அளவுநாடாவால் மார்பு, இடுப்பு, பிட்டம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

"பந்தய அளவு" என்றால் தோல்போல ஒட்டும். புதியவர்களுக்குச் சற்றுத் தளர்வான வெட்டு வசதி. இரண்டு அளவுக்கு நடுவில் இருக்கிறீர்களா? ஜெர்சி என்றால் பெரியதை எடுக்கலாம். கால்சட்டை தொளதொளவென்று இருக்கக்கூடாது. துணி மடிந்தால் உரசும்.

வாங்கிய பிறகு கண்ணாடி முன் நேராக நின்று மட்டும் பார்க்காதீர்கள். சைக்கிளில் உட்கார்ந்து குனிந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே படித்துவிடுங்கள்.

எதில் காசு போடலாம்?

ஜெர்சியில் மிச்சம் பிடியுங்கள், கால்சட்டையில் பிடிக்காதீர்கள்.

மலிவான ஜெர்சி கொஞ்சம் வியர்க்கவைக்கும், அவ்வளவுதான். மட்டமான உள்மெத்தையோ ஒரு மணி நேரத்தில் தட்டையாகிவிடும். பிறகு வருவது வலியும் தோல் புண்ணும்.

தலைக்கவசத்தில் விளையாட்டே வேண்டாம். சிங்கப்பூரில் சாலையில் சைக்கிளோட்ட அது கட்டாயம். பெயர் தெரியாத விற்பனையாளரிடம் போலி தலைக்கவசம் வாங்கினால், அதன் தரம் தெரிவது நீங்கள் விழும் அன்றைக்குத்தான்.

போலியா, மோசடியா?

இரண்டும் வேறு. போலிப் பொருளில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். மோசடியில் அதுவும் வராது.

போலி ஜெர்சியை எப்படி அறிவது? ஜிப் சிக்கும். சின்னத்தின் ஓரங்கள் மங்கலாக இருக்கும். கைப்பட்டை சில தடவை துவைத்ததும் தளர்ந்துவிடும். இந்த ஆண்டின் அணிச் சட்டை, பருவத்தின் நடுவிலேயே ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

மோசடித் தளத்தின் அறிகுறிகள்:

எல்லாப் பொருளுக்கும், எல்லா அளவுக்கும் 80, 90 விழுக்காடு தள்ளுபடி. உண்மையான கழிவு விற்பனையில் பெரும்பாலும் மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும்தான் மிஞ்சும்.

இணைய முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

"இன்னும் 9 நிமிடம்தான்" என்று கடிகாரம் ஓடும்.

வங்கி மாற்றம் அல்லது பேநவ் மூலம் மட்டும் பணம் கேட்பார்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மோசடித் தளங்களிலும் அது இருக்கும்.

உள்துறை அமைச்சு, பெரிய இணையச் சந்தைத் தளங்களின் பரிவர்த்தனைப் பாதுகாப்பைத் தரப்படுத்தி வெளியிடுகிறது. வாங்குமுன் ஒருமுறை பாருங்கள்.

பிரபல கடைகளும் சரியலாம். நம்மவர்கள் பலர் வாங்கிய பிரிட்டனின் 'விக்கிள்' இணையக் கடை 2023 அக்டோபரில் கடன் நெருக்கடியால் நிர்வாகிகள் கைக்குப் போனது. பின்னர் அந்தப் பெயரை வேறு நிறுவனம் வாங்கியது. பழைய நம்பிக்கையில் மட்டும் வாங்காமல், இப்போது கடையை நடத்துவது யார் என்று பாருங்கள்.

வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு மேற்போகாத பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள் சேவை வரி உண்டு. சிங்கப்பூரில் வரிக்குப் பதிவுசெய்த விற்பனையாளர்கள் பணம் கட்டும்போதே அதை வசூலிப்பார்கள். இப்போதைய விகிதம் 9 விழுக்காடு.

60 வெள்ளி ஜெர்சி 65 வெள்ளி 40 காசாகும். அதோடு அனுப்பும் கட்டணம். எல்லாம் கூட்டிப் பார்த்தால், அக்கம்பக்கத்துச் சைக்கிள் கடையில் போட்டுப் பார்த்து வாங்குவதே லாபமாக இருக்கலாம்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நேரம்தான் முக்கியம்.

உடனே வங்கியை அழையுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் பணத்தை மீட்கக் கோரிக்கை வைக்க வழியுண்டு. பேநவ் மூலம் போன பணத்தை மீட்பது மிகக் கடினம். பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

உள்ளூர் விற்பனையாளருடன் தகராறு என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும்.

மீண்டும் அந்த மஞ்சள் ஜெர்சிக்கு வருவோம். "இன்று மட்டும்" என்றால் இன்று விட்டுவிடுங்கள். உண்மையான தள்ளுபடி அடுத்த செப்டம்பரிலும் வரும். அதுவரை டி-சட்டையிலேயே ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை உங்களோடு ஓட்டுபவர்கள் சட்டையைவிட, நீங்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறீர்களா என்பதைத்தான் கவனிப்பார்கள்.