இறந்தவர் சொத்தும் ஓட்டுப் பெட்டியும்

பி.காம். படிக்கிற எனக்குக் கமிஷன் கணக்கு தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனால் ஒரு நீதிபதியின் வேலையே கமிஷன் கணக்கால் போனது என்று படித்தபோது கொஞ்சம் ஆடித்தான் போனேன். நடந்தது நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளினில்.

நம் ஊரில் நீதிபதிகளை நியமிக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1846-ஆம் வருட அரசியல் சட்டத்திலிருந்து நீதிபதிகளும் ஓட்டுக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். உயில், வாரிசுரிமை விவகாரங்களுக்கு அங்கே தனிக் கோர்ட் உண்டு. அதன் நீதிபதிக்கு 'சர்ரோகேட்' என்று பெயர், அதாவது பதிலாள். வெள்ளைக்கார கவர்னர் இருந்த காலத்தில் உயில்களைப் பார்ப்பது அவர் அதிகாரம். அவர் தனக்குப் பதிலாக ஒருவரை வைத்துக்கொண்டார். கவர்னர் போய்விட்டார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பதவிக் காலம் நகரத்துக்குள் 14 வருடம், வெளியே 10 வருடம். நம் எம்.எல்.ஏ.க்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள் :-)

சரி, உயில் படிக்கிற வேலைக்குக் கட்சிகள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

விஷயம் நியமனத்தில் இருக்கிறது. சொத்துக்கு வாரிசான சிறு பிள்ளைகளுக்காகக் கோர்ட்டில் நிற்கும் வக்கீலை சர்ரோகேட்தான் நியமிப்பார். உயிலும் எழுதாமல், நெருங்கிய சொந்தமும் இல்லாமல் இறப்பவர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ள 'பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஆலோசனை சொல்லும் வக்கீலுக்கு ஃபீஸ் இறந்தவரின் சொத்திலிருந்தே போகும். ஃபீஸ் அதிகம் என்று சண்டை போட வேண்டியவர் மயானத்தில் இருக்கிறார். அந்த நியமனங்கள் கட்சிக்கு வேண்டிய வக்கீல்களுக்குப் போவது பழைய வழக்கம்.

1966-ல் மன்ஹாட்டனில் இதை எதிர்த்து ஒரு சண்டை நடந்தது. ஜனநாயகக் கட்சித் தலைவர்களும் குடியரசுக் கட்சித் தலைவர்களும் கூடிப் பேசி, ஆர்தர் க்ளைன் என்பவரைப் பொது வேட்பாளர் ஆக்கிவிட்டார்கள். எதிரிக் கட்சிகள் கைகோத்தால் தேர்தல் எதற்கு? அப்போது செனட்டராக இருந்த ராபர்ட் கென்னடி தன் சொந்தக் கட்சித் தலைவர்களையே எதிர்த்து சாமுவேல் சில்வர்மேனை நிறுத்தித் தெருத் தெருவாகப் பிரச்சாரம் செய்தார். உட்கட்சித் தேர்தலில் சில்வர்மேன் ஜெயித்தார். ஆனால் நோய் ஊரை விட்டுப் போகவில்லை.

இப்போது ப்ரூக்ளின். 1996-ல் சர்ரோகேட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மைக்கேல் ஃபைன்பெர்க். பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டரின் வக்கீலாக அவர் நியமித்தது தன் நீண்ட கால நண்பர் லூயிஸ் ரோசன்தாலை. சட்டப்படி ஒவ்வொரு சொத்துக்கும் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று வக்கீல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஃபீஸ் முடிவாக வேண்டும். ஃபைன்பெர்க் பத்திரம் கேட்கவில்லை. வழக்கமாக 8 சதவீதம் என்று போட்டுக்கொடுத்தார். 5 லட்சம் டாலர் சொத்து என்றால் 40,000 டாலர், இரண்டு கடிதம் எழுதியிருந்தாலும் இரண்டு வருடம் அலைந்திருந்தாலும். இது ஃபீஸே இல்லை, புரோக்கர் கமிஷன். மொத்தமாக 80 லட்சம் டாலருக்கு மேல் போனது. தனியாக வாழ்ந்து, தனியாக இறந்தவர்கள் சேர்த்து வைத்த பணம்.

2005-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த கோர்ட் அவரைப் பதவி நீக்கம் செய்தது. கவனியுங்கள், அவரை அனுப்பியது ஓட்டு இல்லை. 14 வருடப் பதவியில் வாக்காளர் நடுவில் ஒன்றும் செய்ய முடியாது.

காலியான இடத்துக்கு அதே வருடம் உட்கட்சித் தேர்தல். ஜனநாயகக் கட்சிக் கோட்டையான ப்ரூக்ளினில் இதுதான் உண்மையான தேர்தல்; நவம்பர் ஓட்டு வெறும் சடங்கு. கட்சித் தலைமைக்குப் பிடிக்காத மார்கரிட்டா லோபஸ் டோரஸ் மிகச் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். அப்பாடா என்று நான் மூச்சு விட்ட இடம் இது.

ஆனால் அதே வருடம் மாநில சட்டசபை ப்ரூக்ளினுக்கு இரண்டாவது சர்ரோகேட் பதவி ஒன்றை உருவாக்கியிருந்தது. அதற்கு உட்கட்சித் தேர்தலே நடக்கவில்லை. கட்சித் தலைமையே ஃப்ராங்க் செடியோவை வேட்பாளராக அறிவித்தது, நவம்பரில் அவரும் ஜெயித்தார். 14 வருடப் பதவியை 2007-லேயே ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.