எரிபொருளுக்கேற்ற இன்ஜின் கட்டுப்பாடு

பெட்ரோலில் கலந்த எத்தனாலின் விகிதம் மாறும்போது, எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் இன்ஜினின் கணினியான இ.சி.யு. தானே திருத்திக்கொள்ளும் முறை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 ஊற்றினால் பழைய கணக்கில் எரிபொருள் பற்றாது. திருவண்ணாமலையின் வேங்கிக்காலில் டேங்க் நிரப்பிக் கிரிவலப் பாதையில் ஊர்கிற பி.எஸ்.6 பைக்கில், சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை மோப்பம் பிடித்துச் சொல்ல, இன்ஜெக்டர் கண்ணிமைப்பிலும் குறைந்த நேரம் கூடுதலாகத் திறக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு இந்த மூக்கு கிடையாது. மெக்கானிக்தான் ஜெட்டை மாற்ற வேண்டும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், மைலேஜ் குறைவை எந்த மென்பொருளும் முழுதாக ஈடுகட்டாது. ஓசூரில் ஆலையுள்ள டி.வி.எஸ். 2019 ஜூலையில் எத்தனாலில் ஓடும் அப்பாச்சி பைக்கை வெளியிட்டது.