டைனமோ நின்றபின் பேசிய பேட்டரி



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். விசைப்படகு வைத்திருக்கிறான். "சார், நடுக்கடல்ல பேட்டரி டவுன். இன்ஜினும் ஸ்டார்ட் ஆகல, வயர்லெஸும் பேசல. ராத்திரி பூரா அலையில கிடந்தோம். விடிஞ்சப்புறம்தான் வேற படகு பார்த்துக் கட்டி இழுத்துச்சு" என்றான். நல்லபடியாகக் கரை சேர்ந்தானே என்று நிம்மதி. அவனுக்குப் போனில் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1909 ஜனவரி 23, விடியும் முன். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே கடும் மூடுபனி. நியூயார்க்கிலிருந்து முதல்நாள் புறப்பட்ட 'ரிபப்ளிக்' என்ற பயணிகள் கப்பலின் பக்கவாட்டில் 'ஃப்ளோரிடா' என்ற இத்தாலியக் கப்பல் மோதியது. ரிபப்ளிக்கின் இன்ஜின் அறையில் தண்ணீர் புகுந்தது. டைனமோ நின்றது, விளக்குகள் அணைந்தன.

கம்பியில்லாத் தந்தியை இயக்கியவர் ஜாக் பின்ஸ். வயது 24. அவருடைய அறையின் சுவர் பெயர்ந்துவிட்டது. செய்தி அனுப்பும் சாவியும் உடைந்திருந்தது. ஆனால் அவசரத்துக்கென்று சேமிப்பு பேட்டரிகள் இருந்தன. அவற்றில் சார்ஜும் இருந்தது. உடைந்த சாவியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆபத்துச் செய்தியை அனுப்பினார். அந்நாளில் அதற்குக் குறியீடு 'சி.க்யூ.டி.'

டைனமோவின் பலம் பேட்டரிக்குக் கிடையாது. செய்தி வெகுதூரம் எட்டாது. ஆனால் நான்டக்கெட் தீவின் சியாஸ்கான்செட் தந்தி நிலையத்துக்கு எட்டியது. அந்த நிலையம் தன் பலமான கருவியால் மற்றக் கப்பல்களுக்கு அதைப் பரப்பியது. 'பால்டிக்' என்ற கப்பல் திரும்பி வந்தது. பனியில் பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை. அந்தச் சில மணி நேரமும் பின்ஸ் குளிரில் உட்கார்ந்து அதற்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தார்.

மோதலிலேயே சிலர் இறந்துவிட்டார்கள். ஆனால் இரண்டு கப்பல்களிலும் இருந்த 1,500க்கும் மேற்பட்டோர் பால்டிக்கில் பத்திரமாக ஏறினார்கள். ரிபப்ளிக் மறுநாள் மூழ்கியது.

1910இல் அமெரிக்கா, 50 அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றும் கடல் பயணிகள் கப்பல்களுக்கு ரேடியோவைக் கட்டாயமாக்கியது. டைட்டானிக் மூழ்கிய 1912இல் அச்சட்டத்தைத் திருத்தி, கப்பலின் மின்சாரத்தை நம்பாமல் குறைந்தது 4 மணி நேரம் ரேடியோவை இயக்கத் தனி மின்சக்தியும் வேண்டும் என்றது.

அந்தச் சட்டத்தின் பாடம் சின்னப் படகுக்கும் பொருந்தும். படகு வைத்திருக்கும் பிள்ளைகளே, வயர்லெஸுக்குத் தனி பேட்டரி வையுங்கள். தண்ணீர் சீக்கிரம் எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு. 12க்குக் கீழே என்றால் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்ஜின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் ஏற வேண்டும். ஏறவில்லையா? பேட்டரியைக் குறை சொல்லும் முன் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். டெர்மினலில் உப்புப் பூத்திருந்தால் சுரண்டி, துடைத்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள்.

இதையெல்லாம் கரையில் செய்ய வேண்டும். பின்ஸின் பேட்டரியில் மோதலுக்கு முன்பே சார்ஜ் இருந்தது. அதனால்தான் அவருடைய துணிச்சல் பயன்பட்டது.

அந்தத் தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். இரண்டாவது பேட்டரி வாங்கிவிட்டானாம். எனக்கு அதுவே குருதட்சணை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்